ஒரு கிரவுண்டுக்கு எத்தனை ஏர்?

கிழக்குத் தாம்பரத்தில் என் தந்தையார் வாங்கிய வீட்டு மனையின் பட்டாவைச் சென்ற மாதம் என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. புதிய பட்டா கைக்கு வந்ததும் பரப்பளவைப் பார்த்தேன். ஹெக்டேர் 0, ஏர் 1, சதுர மீட்டர் 11.5 என்றிருந்தது. உழவை விட்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்ட குடும்பத்துக்கு அரசாங்கமே ஓர் ஏரைத் திருப்பித் தந்துவிட்டதே என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். பிறகுதான் தெளிந்தது: அது கலப்பை பூட்டும் ஏர் அன்று, பிரெஞ்சு நாட்டில் பிறந்து, நூறு சதுர மீட்டரைக் குறிக்கும் ஏர்.

அதே மனை கிரயப் பத்திரத்தில் 1,200 சதுர அடி. என் தந்தையார் வாழ்நாள் முழுதும் அதை ‘அரை கிரவுண்டு’ என்றே சொன்னார். நெல்லைச் சீமையில் பிறந்த என் தாயார் ஊருக்குக் கடிதம் எழுதும்போது ‘இரண்டே முக்கால் சென்ட்’ என்று எழுதுவார். மண் ஒன்று, பெயர் நான்கு.

இதில் வியப்பில்லை. தென்மாவட்டங்களிலிருந்து வருவோர் மூட்டை முடிச்சுகளோடு முதலில் இறங்கும் ஊர் தாம்பரம். நெல்லைக்காரர் சென்ட் கணக்கில் பேசுகிறார். தஞ்சைக்காரருக்கு மாவும் குழியும்தான் கணக்கு. விழுப்புரத்துக்காரர் இன்றும் காணி என்கிறார். மனைத் தரகர் இவர்கள் அனைவருக்கும் கிரவுண்டில் விலை சொல்கிறார். எல்லாக் கணக்குகளும் வந்து முட்டிக்கொள்ளும் சந்திப்பு நம் புறநகர்.

கிரவுண்டு என்பது பெயரளவில்தான் ஆங்கிலம். ‘மனை’ என்ற நம் பழைய அளவுக்குக் கும்பெனிக் காலத்து வெள்ளையர் இட்ட பெயர் அது. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியே அதைச் சென்னைச் சுற்றுவட்டாரத்து நில அளவு என்று குறிக்கிறது. ஒரு மனை 2,400 சதுர அடி. இருபத்து நான்கு மனை சேர்ந்தால் ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி. பக்கத்துக்கு 240 அடி கொண்ட முழுச் சதுரம். பாரதியார் பராசக்தியிடம் வேண்டிய காணி நிலம், நம் தரகர் மொழியில், 24 கிரவுண்டு! இன்றைய தாம்பரத்தில் யாரேனும் அதைக் கேட்டால் பராசக்தியும் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

இந்த எண்கள் மனம் போனபடி வந்தவையல்ல. புதுச்சேரிப் பக்கத்தில் நூறு குழி ஒரு காணி. அந்தக் குழி 576 சதுர அடி. 24 அடிக் கோலால் நீளத்தையும் அகலத்தையும் ஒருமுறை அளந்தால் வருவது. காவிரிப் படுகையிலோ குழி என்பது 144 சதுர அடி. கோல் அங்கே 12 அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பழந்தமிழ்ப் பின்னங்களில் இருபதில் ஒன்றுக்கு ‘மா’ என்றே பெயர் என்பதை நினைத்துப் பார்த்தால், வேலியில் இருபதில் ஒரு பங்கு ஏன் மா ஆயிற்று என்பதும் விளங்கும். சோழர் கல்வெட்டுகள் பதினாறு சாண் கோலைப் பேசுகின்றன. சாணுக்கு முக்கால் அடி என்று கொண்டால் அதுவும் 12 அடிதான். நான்கு மா பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: 57,600 சதுர அடி, நம்முடைய அதே காணி.

ஆனால், ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு அளவைக் குறித்ததில் வேடிக்கையும் உண்டு, வில்லங்கமும் உண்டு. சம்பந்தம் பேசும் இடத்தில் தஞ்சை மாப்பிள்ளை வீட்டார் “எங்களுக்கு நூறு குழி நிலம்” என்றால், அது 33 சென்ட். கேட்டுக்கொண்டிருக்கும் புதுச்சேரிப் பெண் வீட்டாரின் மனக்கணக்கில் அது 132 சென்ட். இருவருமே பொய் சொல்லவில்லை. திருமணத்துக்குப் பிறகு அதை நம்பத்தான் ஆளிருக்காது.

சென்ட் வந்த வழி வேறு. 1620-இல் எட்மண்ட் குன்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்ட சங்கிலியை நில அளவைக்கு அறிமுகப்படுத்தினார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. அந்தச் சங்கிலியின் நீளம் இன்னும் கிரிக்கெட் ஆடுகளத்தில் உயிரோடு இருக்கிறது. இரு விக்கெட்டுகளுக்கும் இடையே உள்ள 22 கெஜம் அதுவே.

வேறொரு சங்கிலியின் கதை நம் புறநகரிலேயே நிகழ்ந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தை, நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் ஏற்க மறுத்ததால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது! வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பத்தையும் குறித்து, அதற்கேற்ப அளவைத் திருத்திக்கொண்டார்கள். அந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த மாபெரும் முக்கோண அளவைதான் பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையும் கணித்தது. நாட்டின் மிக நுட்பமான அளவை தொடங்கிய இதே வட்டாரத்தில், இன்று மனை விற்பவர் வாயில் அதிகம் புழங்கும் சொல் ‘தோராயமாக’.

அந்தத் தோராயத்துக்கு விலை கொடுத்தவர் என் உறவினர் ஒருவர். பணி ஓய்வுத் தொகை முழுவதையும் போட்டு, வண்டலூருக்கு அருகே ‘ஒரு கிரவுண்டு’ வாங்கினார். விலை பேசியது கிரவுண்டுக் கணக்கில். பத்திரத்தில் எழுதியது ஐந்து சென்ட். வீடு கட்டுவதற்காக அளவர் வந்து நாடாவை விரித்தபோதுதான் 2,178 சதுர அடி என்று தெரிந்தது. ஒரு கிரவுண்டு என்பது ஐந்தரை சென்ட். குறைந்தது 222 சதுர அடி. ஏறக்குறைய 15 அடிக்கு 15 அடியில் ஓர் அறை. தரகரிடம் கேட்டதற்கு, “அஞ்சு சென்ட்டுன்னா ஒரு கிரவுண்டுதான் சார், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றாராம். பத்திரத்தில் கையெழுத்திட்டவர் இவர். கணக்கில் யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் அறை போனது போனதுதான்.

இந்தியா 1956-லேயே சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறியது. படியும் வீசையும் கடைத்தெருவை விட்டுப் போய்விட்டன. நிலம் மட்டும் மாறவில்லை. அரசு ஏட்டில் ஏர், சந்தையில் கிரவுண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஏமாற்றம் குடியேறுகிறது. அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், சுவர்களுக்குள் உண்மையில் புழங்கும் பரப்பு எவ்வளவு என்று கேட்கும் உரிமையைத் தந்தது. கைமாறி வரும் தனி மனையை வாங்கும் எளியவருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. மனை விளம்பரத்திலும் முன்பண ஒப்பந்தத்திலும் சதுர மீட்டர் அளவைக் கட்டாயமாக்குவதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை.

அதுவரை வாங்குவோர் மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6; ஒரு ஏர் 1,076. பட்டாவில் உள்ள ஏரைச் சதுர அடியாக்கி, விற்பவர் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இடத்தை அளந்து பாருங்கள்.

காணியும் மாவும் குழியும் வழக்கொழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை நம் முன்னோர் கோல் பிடித்து நடந்த தடங்கள். பேச்சில் இருக்கட்டும், பாட்டில் இருக்கட்டும். பணம் கைமாறும் இடத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும்.

என் உறவினர் இப்போது எங்கே போனாலும் பையில் ஓர் அளவு நாடா வைத்திருக்கிறார். யாராவது மனை பார்க்கக் கூப்பிட்டால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறார். அவரது வீட்டில் வரவேற்பறை சற்றுச் சிறியது. விருந்தினரை எதிரே அமர்த்தி, இல்லாத அந்த அறை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்பதைக் கைநீட்டிக் காட்டுகிறார்.