கோகேஷிப் பொம்மைகள் புகட்டும் பாடம்

ஒரு கைத்தொழிலைப் புகழ்வது எளிது. அதைச் செய்வோருக்கு ஜீவனம் கிடைக்கச் செய்வதே அரிது. ஜப்பானின் வடகிழக்கிலுள்ள தோஹோகு பிரதேசத்தில் செய்யப்படும் 'கோகேஷி' என்னும் மரப்பொம்மைகளின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

இப்பொம்மைக்குக் கையுமில்லை, காலுமில்லை. உருண்டைத் தலையும் உருளை போன்ற உடலுமே உண்டு. அம்மலைகளில் கிண்ணமும் தட்டும் கடைந்து பிழைத்த கடைசல்காரர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெந்நீர் ஊற்றுகளில் நீராடி இளைப்பாற வந்த குடியானவர்களுக்கு இவற்றை விற்கலாயினர். குழந்தைகளுக்கு இவை ஊருக்குக் கொண்டுபோகும் விளையாட்டுச் சாமான்கள். உலர்ந்த மரத்தைக் கடைந்து உருவாக்கி, முகத்தைச் சில கோடுகளிலேயே தீட்டிவிடுவார்கள். ஊருக்கு ஊர் மரபு வேறு. நாருகோ ஊர்ப் பொம்மையின் தலையைத் திருகினால் கீச்சென்று ஒலிக்கும். அதன் உடலில் செவ்வந்தி மலர்ந்திருக்கும். தோகத்தா ஊர்ப் பொம்மையின் உச்சந்தலையில் சிவந்த இதழ்கள் விரிந்திருக்கும். இத்தகைய மரபுகளைப் பதினொன்றாக வகுப்பது வழக்கம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரப் பொம்மைகளும் செல்லுலாய்டுப் பொம்மைகளும் மலிந்தன. குழந்தைகள் கோகேஷியை மறந்தனர். பட்டறைகள் பல ஓய்ந்தன. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அப்புதிய பொம்மைகளை ஜப்பானின் சொந்தத் தொழிற்சாலைகளே ஏராளமாகச் செய்து குவித்தன. அந்நியச் சரக்கைத் தடுப்பதொன்றே கிராமத் தொழிலைக் காத்துவிடாது என்பது இதனால் விளங்கும்.

தொழிலை மீட்டவர்கள் பொம்மையைத் தேடி வாங்கிய அன்பர்களே. செந்தாய் நகரத்து அமாயே தோமிஜி 1928-ல் இவற்றைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் பலர் மலையூர்களுக்குச் சென்று, செய்தவரின் பெயர் கேட்டு விலை கொடுத்து வாங்கினர். 1959 முதல் ஷிரோயிஷி நகரில் போட்டி நடந்துவருகிறது. 1981-ல் மியாகி மாகாணத்துக் கோகேஷியை அரசாங்கம் பாரம்பரியக் கைத்தொழிலாக அங்கீகரித்தது.

குழந்தையின் கையிலிருந்த பொம்மை பெரியோர் அலமாரிக்குப் போய்விட்டதே என்று சிலர் வருந்தலாம். அவ்வருத்தம் நியாயமே. ஆயினும் அலமாரி இடம் கொடுத்திராவிடில் அந்த உளிகள் என்றோ துருப்பிடித்திருக்கும். இன்று கைதேர்ந்தவர்கள் முதுமை எய்திவருகின்றனர். பல ஆண்டுகள் பொறுமையாகக் கற்கும் இளைஞர்களோ சிலரே. அரசாங்க முத்திரை மதிப்பைத் தரும், வாரிசைத் தராது. கைத்தொழிலைக் காக்க விரும்பும் எத்தேசத்தாரும் நற்சாட்சிப் பத்திரம் வழங்குவதோடு நில்லாமல், வாங்குவோரையும் கற்போரையும் தேடித்தருவதே கடமையென நாம் கருதுகிறோம்.