இடுப்பு மூட்டும் மேலுறை அறுவையும்

நம் உடலின் பாரத்தைத் தாங்கி நம்மை நடக்கச் செய்வது இடுப்பு மூட்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இக்குழி ஆழமின்றிச் சரிந்திருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இக்குறை மிகுதி. பாரம் குழியின் விளிம்பில் விழுவதால் குருத்தெலும்பு இளமையிலேயே தேய்ந்து, நடப்பதே வேதனையாகிவிடும். இத்தகையோருக்கு மேலுறை அறுவை எவ்வளவு பயன்பட்டது என்பதை இங்கு விளக்க விழைகிறேன்.

இங்கிலாந்தில் 1962இல் ஜான் சார்ன்லி வகுத்த முறையில், தொடையெலும்பின் தலையை வெட்டி நீக்கி, உலோகத் தண்டைச் செருகுவர். முதியோருக்கு அது வரமாயிற்று. ஆனால், ஓடியாடும் இளையோரிடம் பிளாஸ்டிக் கிண்ணம் விரைந்து தேய்ந்தது. எனவே, தலையை வெட்டாமல் செதுக்கி, பல்லுக்கு உறையிடுவதுபோல் உலோகத் தொப்பி அணிவித்து, அதற்கேற்ற உலோகக் கிண்ணமும் பொருத்தும் முறையை பர்மிங்ஹாம் மருத்துவர் டெரெக் மக்மின் 1991 முதல் கையாண்டார். அவரது பர்மிங்ஹாம் மூட்டு 1997இல் வந்தது. எலும்பு மிஞ்சும், பின்னாளில் மறு அறுவை எளிதாகும். பிறவிக் குறையுடைய இளம்பெண்களுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை என்றே தோன்றியது.

விளைவு வேறாயிற்று. தொடையெலும்புத் தலை பெரிதாயிருந்த ஆண்களிடம் இம்மூட்டு பத்தாண்டுகளுக்கு மேலும் நன்கு உழைத்தது. பிறவிக் குறையுடையோரிடமோ தோல்வி மிகுந்தது. காரணங்கள் மூன்று. முதலாவது, அவர்களுடைய எலும்புத் தலை பெரும்பாலும் சிறியது. சிறிய மூட்டில் பாரம் தாங்கும் இடம் விளிம்பை நெருங்கிவிடும். இரண்டாவது, சரிந்த குழியில் உலோகக் கிண்ணமும் செங்குத்தாக அமைந்துவிடலாம். அப்போது விளிம்பில் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, உதிரும் கோபால்ட், குரோமியம் துகள்கள் சுற்றியுள்ள தசையைக் கெடுக்கும். மூன்றாவது, முன்புறம் திருகிய எலும்புக் கழுத்தையும், குட்டையான காலையும் தொப்பியால் அதிகம் திருத்த இயலாது.

பர்மிங்ஹாம் மூட்டைத் தயாரிக்கும் நிறுவனமே, பெண்களுக்கு அது ஏற்றதன்று என 2015இல் அறிவித்து, 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்த அளவும் உள்ள தலைகளைத் திரும்பப் பெற்றது. இன்று இவர்களுள் பெரும்பாலோருக்கு, தேய்வு குறைந்த புதுவகைப் பிளாஸ்டிக் கிண்ணத்துடன் தண்டு மூட்டே பொருத்தப்படுகிறது.

ஒரு சிகிச்சை வென்றது என்று கேள்வியுற்றால், யாரிடம் வென்றது என்றும் கேட்க வேண்டும் என்பதே நான் இதில் காணும் பாடம். அறுவையினும் மேலான வழியும் உண்டு. பச்சிளம் பருவத்திலேயே குறையைக் கண்டறிந்து, கால்களை அகற்றிவைக்கும் வார்ப்பட்டையைச் சில மாதங்கள் அணிவித்தால், பெரும்பாலான குழந்தைகளுக்குக் குழி தானே ஆழமாக வளர்ந்துவிடும். வருமுன் காப்பதே அறிவுடைமை.