டயட் கிச்சனிலிருந்து வார்டுக்கு

நாற்பது வருடங்களுக்கு முன்னால் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால், மருந்துச் சீட்டோடு தட்டச்சு செய்த ஒரு தாளும் வீட்டுக்கு வரும். கார்பன் காப்பி, எழுத்து மங்கலாக இருக்கும். அதில் ‘தவிர்க்க வேண்டியவை’ பட்டியல் நீளம். ‘சாப்பிடலாம்’ என்பதன் கீழே பாகற்காய், கீரை, மோர். அரிசி கூடாது, மண்ணுக்கடியில் விளைவது எதுவும் கூடாது, ராத்திரிக்குச் சப்பாத்தி. அதுவரை அடுப்பில் சப்பாத்திக் கல்லே ஏறாத வீடுகளில் ஒருவருக்காக மட்டும் தனியாக மாவு பிசைந்தார்கள். பல்லில்லாத பாட்டிக்கும் அதே தாள், மூட்டை தூக்குகிறவருக்கும் அதே தாள்.

அந்தச் சப்பாத்தியின் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் வேடிக்கைதான். நூறு கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. முழுக் கோதுமை மாவில் 69, கேழ்வரகில் 72. நாலு சப்பாத்தியைக் குருமாவோடு முடித்துவிட்டு “சோத்தைத் தொடவே இல்லையே, ஏன் இறங்கல?” என்று கேட்டவர்களுக்கு இந்த மூன்று எண்களிலேயே பதில் இருந்தது. கேழ்வரகுக் கஞ்சியை டம்ளர் டம்ளராகக் குடித்தவர்கள் கதையும் இதுதான். நைசாக அரைத்து, கரைத்துக் காய்ச்சிய மாவு எந்தத் தானியமானாலும் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

இன்று டயட்டீஷியன் முன்னால் உட்கார்ந்தால் தாள் கடைசியில்தான் வரும். முதலில் கேள்விகள். “காலையில எத்தனை மணிக்கு முதல் காபி? வீட்டுல யார் சமைக்கிறாங்க? நைட் ஷிஃப்ட் உண்டா? மாசத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க?” கடைசிக் கேள்வி கெட்டிக்காரத்தனமானது. எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால் யாரும் “கொஞ்சம்தான்” என்பார்கள். மளிகைக் கடைச் சீட்டு அப்படிச் சொல்லாது. பிறகு சோறு நிற்காது, கரண்டிக் கணக்கில் குறையும். பொரியல் இரட்டிப்பாகும், சுண்டலோ முட்டையோ கூடச் சேரும். இதற்கு இங்கே ஒரு முன்கதை உண்டு. 1954இல் சென்னை ராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கென்றே மருத்துவமனை தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதன், மாவுச்சத்தை விரட்டுவதை விட்டுவிட்டு, நார்ச்சத்து மிகுந்த மாவுச்சத்து உணவையே நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார். அரிசி தின்கிற ஊருக்கு ஏற்ற வைத்தியம்.

மேலே சொன்ன எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப்போனால் குன்னூருக்கு வந்து சேருவோம். 1918இல் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் தொடங்கிய வேலை பின்னால் பெரிய ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதை அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ்காரர் உணவு தின்றவை கடைசி வரிசையில் நின்றன. நமக்கு ரோஷம் வரலாம். ஆனால் தீட்டிய அரிசியும் கொஞ்சம் குழம்புமாக ஓடிய சாப்பாடு அது, எலிகள் என்ன செய்யும்? மெக்காரிசனுக்குப் பின் வந்த வாலஸ் அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். 1958இல் அந்த ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்குப் போனது. 2017இல் வந்த பட்டியலில் 528 உணவுப் பொருள்கள். நம் ஊர் டயட் சார்ட் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த வரிசைதான் இருக்கிறது.

பட்டியல் இருந்தும் அதைக் கையாளத் தெரிந்தவருக்கு மருத்துவமனையில் கிடைத்த இடம் டயட் கிச்சன். மேலே வார்டில் டாக்டர் ‘உப்பில்லா உணவு’ என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுவார்; அது சீட்டாகக் கீழே இறங்கும். அரிசி பருப்புக்கு இண்டென்ட் போடுவது, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது, ரொட்டி எண்ணுவது இவை டயட்டீஷியன் வேலை. டியூப் வழி உணவு என்றால் கஞ்சி, பால், முட்டை, சர்க்கரையை அடித்து வடிகட்டி அனுப்புவார்கள்; குழாய் அடைத்துக்கொள்ளும். கோவை அவினாசிலிங்கம் போன்ற மனையியல் கல்லூரிகளில் உயிர்வேதியியல் வரை படித்து வந்த பெண்களைச் ‘சமையல் படிச்ச பொண்ணு’ என்று ஒதுக்கியதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. 1963இல் இந்திய டயட்டீஷியன்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவில் அது 1917லேயே நடந்துவிட்டது.

மாற்றம் எவ்வளவு என்று தெரிய டயாலிசிஸ் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீரகம் பழுதான தொடக்கத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 36 முதல் 48 கிராம் வரை. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழ். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்து வெளியேறுவதால் 60 கிராமுக்கு மேல் தேவை. பழைய தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு முட்டையை ஒதுக்குகிறவர் மாதாமாதம் மெலிவார். அடுத்தது பொட்டாசியம். உடம்புக்குக் குளிர்ச்சி என்று உறவினர் வாங்கி வரும் இளநீரே இவருக்கு இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். சத்து போய்விடுமே என்று அம்மாக்கள் பதறுவார்கள், போகத்தான் வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கும். ரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று வாங்கிய பாக்கெட் இங்கே ஆபத்து. இதையெல்லாம் ஒரு வரிச் சீட்டில் எழுத முடியாது. படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, நோயாளியிடமும் சமைக்கிறவரிடமும் பேசினால்தான் நடக்கும்.

அந்த நாற்காலி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார்ப்பரேட் மருத்துவமனையில் படுத்தவுடன் எடை, உயரம், அண்மையில் எவ்வளவு இளைத்தார் என்று குறித்துக்கொள்கிறார்கள். சிறு நகரத்து நர்ஸிங் ஹோமில் இன்றும் “லைட்டா சாப்பிடச் சொல்லுங்க” என்பதே டயட். அதோடு, முதுநிலைப் படிப்பு, மருத்துவமனைப் பயிற்சி, தேர்வு எல்லாம் தாண்டிப் பதிவு பெற்ற டயட்டீஷியனும் (ஆர்.டி.), எட்டு வாரச் சான்றிதழ் வாங்கிய ரீல்ஸ் நட்சத்திரமும் மக்கள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறார்கள். டாக்டருக்கும் நர்ஸுக்கும் பல பத்தாண்டுகளாக இருந்த சட்டக் காவல் இவர்களுக்கு 2021இல்தான் வந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் டயட்டீஷியனும் இருக்கிறார். தாமதம்தான்; நடைமுறை இன்னும் தாமதம்.

இதற்கிடையில் வேலையே திசை மாறத் தொடங்கியிருக்கிறது. பசியை அடக்கி எடை குறைக்கும் வார ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. போட்டுக்கொண்டவர் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்கிறார், எடை குறைகிறது, கொழுப்போடு தசையும் கரைகிறது. தலைமுறைக்கும் “இதைச் சாப்பிடாதீங்க” என்று பேர் வாங்கிய டயட்டீஷியன் இப்போது அவர் எதிரே உட்கார்ந்து, காலையில் இரண்டு முட்டை, பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் தட்டில் முதல் வாய் மீன் என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.