கடற்பாசியும் மனநலமும்: உண்போர் அறிய வேண்டியவை

மயிலாப்பூர்க் கச்சேரி சாலையின் நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிய வெண்ணிறக் கடல்பாசியை ஊறவைத்து, கொதிக்கக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி, குளிர்ப் பெட்டியின் உதவியில்லாமலே உறையச் செய்து துண்டு போட்டுக் கொடுத்த பாட்டிமார்கள் அதை நாவுக்கு இதமான பண்டமாகக் கருதினார்களேயன்றி, மனோவியாதிக்கு ஔஷதமாகக் கருதியவர்களல்லர். ராமநாதபுரக் கடற்கரைப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கப்படும் இப்பண்டம் பெரும்பாலும் நார்ச்சத்தேயாகும். நோன்பு திறக்கும் வேளையில் முஸ்லிம் இல்லங்களில் இன்றும் அது விருப்பத்துடன் உண்ணப்படுகிறது.

இப்போதோ தியாகராய நகரின் பல்பொருள் அங்காடிகளிலும் அடையாற்றின் வெளிநாட்டு உணவுக் கடைகளிலும் ஜப்பானிய நோரித் தாள்களும், கொரிய நாட்டுக் கிம் பொட்டலங்களும் கிடைக்கின்றன. இவற்றோடு கெல்ப் என்னும் பழுப்புப் பாசியின் மாத்திரைகளும் பொடிகளும் கைப்பேசி வழியாகவே வீடு தேடி வந்துவிடுகின்றன. இவற்றுள் சில, மனச்சோர்வு தீரும், பதற்றம் அடங்கும், நித்திரை வரும் என்ற வாக்குறுதிகளுடன் விற்கப்படுவதால், இவ்விஷயத்தில் உண்மை எவ்வளவு, அபாயம் எவ்வளவு, வாங்குவோருக்குள்ள உரிமை என்ன என்பதை நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

ஆராய்ச்சி கூறுவது

ஜப்பானில் கியூஷு, ஒக்கினாவா பிரதேசங்களைச் சேர்ந்த 1,745 கர்ப்பிணிப் பெண்களிடம் நடத்தப்பெற்று 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், கடற்பாசியை அதிகமாக உண்டவர்களிடையே மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகக் காணப்பட்டன. ஆனால் உணவையும் மனநிலையையும் ஒரே சமயத்தில் விசாரித்து எடுத்த கணக்கு அது. ஆகையால் பாசி மனத்தைத் தேற்றியதா, அல்லது மனம் தேறியிருந்தவர்கள் நன்றாக உண்டார்களா என்பதை அதைக்கொண்டு பிரித்தறிய இயலாது. ஓர் இணக்கத்தைக் காட்டும் ஆய்வு மேலும் ஆராயத் தூண்டுகோலாகுமேயன்றி, சிகிச்சைக்குப் பிரமாணமாகிவிடாது. மனச்சோர்வைத் தீர்க்கும் மருந்தாகக் கடற்பாசியை வைத்திய சாஸ்திரம் இதுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

அபாயம் எங்கே உள்ளது?

கடற்பாசிக்கும் மனத்துக்கும் இடையே ஐயமின்றி நிலைபெற்றுள்ள தொடர்பு ஒன்று உண்டு. அது கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் வழியாக வருவது. அச்சுரப்பிக்கு அயோடின் இன்றியமையாதது; ஆயினும் அது குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு. சுரப்பு தளர்ந்தால் சோர்வு, மறதி, எதிலும் நாட்டமின்மை ஆகியவை தோன்றி மனச்சோர்வு போலவே தெரியும். சுரப்பு மிகுந்தால் படபடப்பு, உறக்கமின்மை, காரணமற்ற அச்சம் ஆகியவை தலைகாட்டும். மனம் தேறுவதற்கென்று விழுங்கிய மாத்திரையே மனத்தைக் கலக்கும் நிலை இவ்விதம் ஏற்படக்கூடும்.

வயது வந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கர்ப்பிணிகளுக்கு அது 250. நம் நாட்டில் வாங்குவோர் கைக்கு வரும் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டமாகையால், சாம்பாரும் ரசமும் ஊறுகாயும் உண்ணும் குடும்பங்களுக்குத் தேவையானது பெரும்பாலும் உப்பிலேயே கிடைத்துவிடுகிறது. நோரியில் கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம் அயோடின் உண்டு; கெல்ப் வகைகளிலோ ஒரே கிராமில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு நாளொன்றுக்கு 600 மைக்ரோகிராமையே உச்ச வரம்பாக வைத்திருக்க, ஒரு சிட்டிகைப் பொடி அவ்வரம்பைக் கடந்துவிடக்கூடும்.

இருதுருவ மனநோய்க்கு லித்தியம் மாத்திரை உட்கொள்வோர் இதில் விசேஷ எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். லித்தியம் தானே தைராய்டின் சுரப்பைத் தடுக்கும் இயல்புடையதாகையால், அதனுடன் மிகுதியான அயோடினும் சேர்ந்தால் சுரப்பி மேலும் தளர்ந்துவிடும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர்க்குப் பாசியிலுள்ள வைட்டமின் கே மருந்தின் பலனைக் குறைக்கக்கூடும். ஹிஜிகி என்னும் ஜப்பானியப் பாசியில் நச்சுத்தன்மையுள்ள ஆர்சனிக் மிகுதியாக இருப்பதால் அதை உண்ண வேண்டாமென்று பிரிட்டிஷ் உணவுத் தர நிறுவனம் 2004ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. மேலும், மனத்தளர்ச்சிக்கும் மறதிக்கும் காரணமாகக்கூடிய வைட்டமின் பி12 குறைபாடு சைவ உணவினரிடையே அதிகம். அதற்குப் பரிகாரமென நம்பி அவர்கள் வாங்கும் சுருள்பாசி கடற்பாசியே அன்று. அதில் பி12 எனக் காட்டப்படுவதில் பெரும்பகுதி நம் தேகத்துக்குப் பயன்படாதது.

உங்கள் உரிமைகள்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி, பொட்டலத்தின் மீது 14 இலக்க உரிம எண் இருத்தல் வேண்டும். சத்து மாத்திரையாக விற்கப்படுவதன் மீது, மருத்துவப் பயனுக்குரியதன்று என்ற வாசகமும் அச்சாகியிருக்க வேண்டும். உணவைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்வோருக்கு அச்சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மருந்தென்று சொல்லி, பைத்தியம், நரம்புத் தளர்ச்சி, கழலை முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஏமாற்றப்பட்டதாக உணர்பவர் ரசீதையும் பொட்டலத்தையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ புகார் செய்யலாம்.

2018 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்திருப்பதோடு, உடல் நோய்க்குள்ள காப்பீடு மன நோய்க்கும் இருக்க வேண்டும் என்றும் விதித்துள்ளது.

செய்யத் தக்கவை

இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் சோர்ந்தே இருக்குமாயின் மருத்துவரைக் காணுங்கள். தைராய்டையும் பி12 அளவையும் பரிசோதிக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். பாசி மாத்திரை எதையேனும் உட்கொண்டு வந்தால் அதை ஒளிக்காமல், டப்பாவையே எடுத்துச் சென்று காட்டுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை விளம்பரத்தை நம்பி நிறுத்திவிடாதீர்கள். செலவுக்கு அஞ்சுவோருக்கு அரசு மருத்துவமனைகளும், 1794ஆம் ஆண்டு முதல் பணியாற்றிவரும் கீழ்ப்பாக்கம் மனநல நிலையமும் இருக்கின்றன. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு கணமும் தாமதியாமல் அவ்வெண்ணையோ, 1986 முதல் சென்னையில் தொண்டாற்றிவரும் சிநேகா அமைப்பையோ 044-24640050 எண்ணில் நாடுங்கள்.

கடற்பாசி ருசிக்கிறதென்றால் அளவோடு தாராளமாக உண்ணுங்கள். கெல்ப் மாத்திரையை மாத்திரம் மருத்துவரின் அனுமதியின்றித் தொடாதீர்கள். வீட்டில் ஒருவர் மனம் நலிந்திருக்கக் கண்டால், அவர் கையில் பொட்டலத்தைக் கொடுப்பதை விடுத்து, அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.