விடுதியின் பொதுக்கணக்கு

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் பருவத்தில், பிறந்து வளர்ந்த வீட்டை முதன்முறையாகப் பிரிந்து விடுதிக்கு வந்து சேரும் இளைஞர்களுக்குப் படிப்பைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் பெரியோர்கள் எத்தனையோ உபதேசங்கள் செய்கின்றார்கள். ஆனால், முன்பின் அறியாத இருவரோடு ஓர் அறையையும், ஒரு தளத்தார் அனைவரோடும் நான்கு குளியலறைகளையும், விடுதி முழுவதோடும் ஒரு சமையற்கூடத்தையும் அவர்கள் பங்கிட்டுக்கொண்டு வாழப் போகின்றார்கள் என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வித்தை தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நம்புகின்றார்கள். பொறுப்பைக் கையில் ஒப்படைக்காத வரையில் அது வருவதில்லை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

நம் கல்லூரி விடுதிகள் பலவற்றில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்று மாணவர்கள் வழங்கும் மெஸ் முறை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, காய்கறி, பால், எரிவாயு முதலியவற்றுக்கு ஆன செலவை ஒன்றாகக் கூட்டி, விடுதியார் அனைவரும் உண்ட மொத்த நாட்களால் அதனை வகுத்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கண்டு, அவரவர் தங்கிய நாட்களுக்குத் தக்கபடி வசூலிப்பதே அதன் ஏற்பாடு. இதில் லாபம் பெறுவோர் எவரும் இல்லை. நஷ்டமோ எல்லோருக்கும் உண்டு. முந்நூறு பேர் உண்ணும் ஒரு மெஸ்ஸில் வேளைக்கு ஒருவர் ஐம்பது கிராம் சோற்றை இலையில் மிச்சம் வைத்தெழுந்தால், இரு வேளைக்கு முப்பது கிலோ சோறு வீணாகின்றது. அதன் விலை, ஒரு பருக்கையும் சிந்தாமல் உண்ட ஏழை மாணவனுடைய பில்லிலும் ஏறுகின்றது. தன் அசிரத்தை அடுத்த அறைத் தோழனுடைய தகப்பனாரின் கூலியிலிருந்து கழிகின்றது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பாடப்புத்தகத்தை நான் கண்டதில்லை. விடியுமுன் மார்க்கெட்டுக்குச் சென்று தக்காளிக்கு விலை பேசி, மூட்டைகளை எண்ணி இறக்கி, மாதக் கடைசியில் கணக்கை முடித்துப் பலகையில் ஒட்டுகின்ற மாணவர் மெஸ் பிரதிநிதி, அந்த ஒரு மாதத்தில் பொதுப் பணத்தின் புனிதத்தை உணர்ந்துவிடுகின்றான். இப்போது பல இடங்களில் சமையலை ஒப்பந்தக்காரர்களிடம் விட்டுவிட்டார்கள். நிர்வாகத்துக்கு அது சௌகரியமாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரனாக இருந்த மாணவன் வாடிக்கைக்காரனாகி, குறை கூறும் உரிமை ஒன்றையே தனக்கு மிச்சமாகக் கொள்கின்றான்.

உணவின் விலையைப் போலவே, யாரோடு யார் அமர்ந்து உண்பது என்பதும் நம் நாட்டில் பெரிய பிரச்சினையாக இருந்ததுண்டு. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்கு மாத்திரம் தனியே உணவளிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது, காங்கிரஸ் தலைவர்களாகிய வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதனை எதிர்த்து எழுப்பிய கிளர்ச்சி, 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. தேசபக்தியிற் சிறந்த ஒரு ஸ்தாபனமும் பந்தியில் பேதம் பாராட்டியதால் மக்களின் நம்பிக்கையை இழந்தது. இன்று விடுதிப் பந்திகளில் அத்தகைய விதி ஏதும் இல்லை. எனினும் ஒரே ஊரார், ஒரே ஜாதியார், ஒரே பாஷை பேசுவோர் மேஜைக்கு மேஜை தனித்தனிக் கூட்டமாக ஒதுங்குவதை உணவுக்கூடத்துக்குச் செல்வோர் எவரும் காணலாம். அறைகளை ஒதுக்குகையில் வார்டன் சற்று சிரமம் எடுத்துக்கொண்டு, நெல்லை மாணவனையும் தருமபுரி மாணவனையும் ஓர் அறையில் வைப்பாரானால், பாதி வேலை முடிந்துவிடும்.

ராகிங் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வந்தது அவசியமே. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலையுண்ட துயரத்தினால் தமிழகமே பதைபதைத்தது. அதன் பின் எழுந்த 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகின்றது. சட்டம் மூத்தவனுடைய கையைத் தடுக்கும். வீட்டு நினைவினால் இரவில் உறக்கமின்றிப் புரளும் புதியவனிடம் சென்று, ‘சாப்பிட்டாயா, தம்பி?’ என்று கேட்கும்படி அது எவரையும் ஏவ முடியாது. அந்தப் புதியவர்களைக் கவனிக்கும் பொறுப்பை மூத்த மாணவர்களிடமே முறைப்படி ஒப்படைத்துப் பார்க்க வேண்டும்.

விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் சென்னைத் திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும், கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நால்வர் ஐவராகச் சேர்ந்து பிடிக்கும் வாடகை வீடுகளிலும் தங்குகின்றார்கள். அங்கே அக்கம்பக்கத்தாரின் உறக்கத்தைக் காக்க விதி இல்லாமல் இல்லை; இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் உள்ளதுதான். ஆனால் நள்ளிரவில் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டு நண்பனை வழியனுப்பும் இளைஞன், பக்கத்து வீட்டில் நோயாளி ஒருவர் கண் அயர்ந்திருப்பதை எந்த விதியைப் படித்து அறியப் போகின்றான்? இந்த உபத்திரவத்தின் பலனை அனுபவிப்பவன் வேறொருவன். படிப்பை முடித்து இவர்கள் போய்விடுவார்கள். ‘பேச்சிலர்களுக்கு வீடு இல்லை’ என்று தீர்மானித்துவிட்ட வீட்டுக்காரரின் வாசலில், அடுத்த ஆண்டு கையில் சொற்பப் பணத்தோடு கிராமத்திலிருந்து வரும் பையன் நிற்பான்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கப்பெற்றது. அதன் ஏழு நாள் முகாமுக்காகக் கிராமங்களுக்குச் செல்லும் மாணவர்கள் சாலை செப்பனிடுவதையும் குளக்கரை துப்புரவு செய்வதையும் கண்டு மகிழாதவர் இல்லை. அதே மாணவர்கள் விடுதித் தாழ்வாரத்தில் தேநீர்க் குவளையைப் போட்டுவிட்டு நடப்பதற்குக் காரணம் அவர்களுடைய சுபாவம் அன்று. கிராமத்தில் அவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்படுகின்றது, விடுதியில் ஒன்றும் ஒப்படைக்கப்படுவதில்லை. குவளையைப் பொறுக்கிக் குப்பையைக் கூட்டும் அம்மாளைப் பெரும்பாலோர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. சிலர் வயதையும் எண்ணாமல் ஒருமையில் ஏவுகின்றார்கள். ‘அக்கா’ என்றும் ‘அண்ணா’ என்றும் அழைக்கும் மாணவர்கள் உள்ள விடுதிகளும் இருக்கின்றன. அங்கே தாழ்வாரமும் சுத்தமாக இருக்கக் காண்கின்றோம்.

மெஸ் கமிட்டியில் முதலாண்டு மாணவருக்கும் இடம் அளித்து, மாதக் கணக்கைப் பலகையில் ஒட்டி, எவரும் கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பதற்குக் கல்லூரிகளுக்குத் தனியாக நிதி தேவையில்லை. துப்புரவு அம்மாளும் சமையற்காரரும் அந்தக் கமிட்டியில் தம் குறைகளைச் சொல்லவும், பருவத்துக்கு ஒரு முறை தெருக்காரர்கள் வந்து மாணவர்களோடு அமர்ந்து பேசவும் ஏற்பாடு செய்யலாம். வருகின்ற ஜூன் மாதத்திலேயே, ஏதேனும் ஒரு கல்லூரியின் முதல்வர் இதனைத் தொடங்கலாம்.