ஆடிக் காற்றில் பாய் விரிக்காதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பேச்சை ஆரம்பிப்பதற்குள் ஊர் வந்துவிடும். அதே தூரத்தைக் கடலில் கடக்க ஒரு சொகுசுப் பாய்மரப் படகுக்கு ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே குளிரூட்டிய அறைகள், அறைக்கொரு குளியலறை, விலையோ கோடிகளில். வேகம் மட்டும் சைக்கிள் வேகம். குடும்பத்தோடு அந்தமானில் ஒரு 'யாட்' எடுத்துத் தீவு தீவாகச் சுற்றலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக் என்கிற ஸ்வராஜ் தீவுக்குக் கடல்வழி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வேகப் பயணிக் கப்பல் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாய்மரப் படகில் நாலைந்து மணி நேரம். நாலு நாளில் ஏழு தீவு என்று பட்டியல் போட்டால், நீந்த நேரம் இருக்காது.

வெப்பமண்டலத் தீவுகளில் வாடகைக்குக் கிடைப்பவற்றில் இன்று அதிகம் கண்ணில் படுவது கேட்டமரன் வகை. இரண்டு ஒல்லியான உடல்கள், அவற்றை இணைக்கும் அகலமான தளம். பெயர் நம் மீனவர்களின் கட்டுமரத்திலிருந்து வந்தது; ஆனால் கட்டுமரம் இடைவெளியில்லாமல் சேர்த்துக் கட்டிய மரங்கள். இந்தப் படகின் அமைப்போ பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைத் தோணியை ஒட்டியது. 1876-ல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கொண்டுவந்து நியூயார்க் பந்தயத்தில் மற்றவர்களைப் பின்தள்ளினார். தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். பிறகு நெடுங்காலம் அந்த வகைப் படகுக்குப் பந்தயக் கதவு மூடியே கிடந்தது.

ஒற்றை உடல் படகைக் காற்று சாய்க்கும். அடியில் தொங்கும் ஈயமோ இரும்போ அதை நிமிர்த்தப் பார்க்கும். இந்த இழுபறியில் படகு 15, 20 பாகை சாய்ந்தபடியே ஓடும். மேசையில் வைத்த டம்ளர் நிற்காது. கேட்டமரனில் அந்த அடிப்பாரம் இல்லை. 45 அடி நீளப் படகுக்கு ஏழு மீட்டருக்கு மேல் அகலம் இருக்கிறது. சாயப் போகும் பக்கத்து உடலின் மிதப்புவிசையே அதைத் தாங்கிவிடும். பாட்டி சாய்வில்லாத தளத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கலாம். இதற்கும் ஒரு விலை உண்டு. ஒற்றை உடல் படகு, காற்று மிஞ்சினால் சாய்ந்து எச்சரிக்கும். கேட்டமரன் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. கவிழ்ந்தால் தானாக நிமிரவும் செய்யாது. அதனால்தான் நல்ல கேப்டனின் கண் காற்றுமானியை விட்டு அகலாது. எண் ஏறினால் பயணிகள் முகம் சுளித்தாலும் பாயைக் குறைத்துவிடுவார்.

பாய் என்றதும் நூற்பாலை ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. 1851-ல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு ஆங்கிலேயப் படகுகளை வென்றது. அவர்களுடையவை தொளதொளத்த ஆளிநார்ப் பாய்கள். அமெரிக்கர்களுடையது இறுக்கமாக நெய்த பருத்தி. பின்னர் நூறாண்டு பருத்தி கோலோச்சியது. 1936-ல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலும் உலகின் நல்ல பாய்கள் பருத்திதான். 1950-களில் பாலியஸ்டர் வந்து அதைத் துரத்தியது.

எந்தத் துணியானாலும் காற்று வரும் திசைக்கு நேராகப் படகு போகாது. சுமார் 45 பாகை விலகி, வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். நாலு நாள் விடுமுறைக்கு அந்தப் பொறுமை ஏது? பெரும்பாலான கேப்டன்கள் டீசல் எஞ்சினைப் போட்டுவிடுவார்கள். எரிபொருள் செலவு யாருடையது என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே சீறி வந்து, குற்றாலத்தில் சாரலடிக்கும் தென்மேற்குக் காற்றுதான் அந்தமான் பயணத்தையும் முடிவுசெய்கிறது. கேரளத்தைத் தொடும் முன், வழக்கமாக மே 20 வாக்கிலேயே அங்கே பருவமழை இறங்கிவிடும். எனவே ஆடிப்பூரத் தேரைப் பார்த்துவிட்டு அப்படியே தீவுக்கு என்ற கணக்கு உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னங்கள். தீபாவளி விடுமுறையும் நிச்சயமில்லை. தையும் மாசியும் அருமை: மெல்லிய வடகிழக்குக் காற்று, தெளிந்த நீர். சித்திரையில் கடல் அமைதி, ஆனால் காற்றுமில்லை. எஞ்சின் சத்தத்தோடு வாழ வேண்டும்.

நங்கூரம் போடுவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆறு மீட்டர் ஆழத்தில் நிற்க முப்பது மீட்டர் சங்கிலியாவது விட வேண்டும். படகு நங்கூரத்தைச் சுற்றி அலையும்போது தரையில் கிடக்கும் சங்கிலி பவளப்பாறையை அரைத்துவிடும். மணல் திட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும். பாறையைக் கண்ணால் பார்க்கச் சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்க வேண்டும் என்பதால், மாலை வெயில் சாயும் முன்பே கேப்டன்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

எல்லாத் தீவிலும் இறங்கவும் முடியாது. வடக்கு சென்டினலைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் நுழைவதே குற்றம். வண்டூரின் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு அனுமதி வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் 21 தீவுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை 1986 முதல் தேசியப் பூங்கா; அனுமதியின்றிக் கால் வைக்கத் தடை. என்னைக் கேட்டால், அந்தத் தடை நல்லதே.

அந்தமானில் இத்தகைய படகுகள் குறைவு. தேர்வு நிறைய வேண்டுமென்றால் தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி. உரிமம் வைத்திருப்பவர் படகை மட்டும் எடுத்துத் தானே ஓட்டலாம். நம்மைப் போன்றவர்களுக்குக் கேப்டனும் சமையல்காரரும் சேர்ந்த வாடகைதான். அதிலும் இரண்டு வகை: எல்லாம் அடங்கிய விலை; படகுக்குத் தனி, உணவுக்கும் டீசலுக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் தனி. இரண்டாவதில் வாடகையில் சுமார் முப்பது சதவீதத்தை முன்பணமாக வாங்கிச் செலவழித்து, மீதியைத் திருப்பித் தருவார்கள். இந்த வரியைப் படிக்காமல் விலையை ஒப்பிடுகிறவர்கள் மலிவானது என்று நினைத்துக் கூடுதலானதை எடுத்துவிடுகிறார்கள். புயல் எச்சரிக்கையால் துறைமுகம் மூடப்பட்டால் பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.