மீனில் நச்சுக்கிருமியைக் கண்டறியும் நூதன முறை

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தாற்றின் முகத்தை அடுத்துள்ள வீராம்பட்டினம் மீன்பிடித் தொழிலுக்குப் பெயர் பெற்ற கிராமமாகும். இத்தகைய கரைகளில் அகப்படும் மீன், இறால், நண்டு முதலியவை தாமதமின்றி விலையாக வேண்டியவை. அவற்றில் நோய்க்கிருமி உண்டா என்பதைச் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்த்து அறிவதற்கோ இரண்டு மூன்று தினங்கள் செல்லும். முடிவு வருமுன் சரக்கு உண்ணப்பட்டுவிடும், அல்லது கெட்டுவிடும்.

கிருமியின் இயல்பு

விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்னும் கிருமி, வெப்பமான கடலோர நீரிலும் உப்பங்கழிகளிலும் இயற்கையாகவே வாழ்வது. 1950-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒஸாகாவில் சிறு மீன்களை உண்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் மாண்டபோது, ஃபுஜினோ என்னும் பண்டிதர் இதனைக் கண்டுபிடித்தார். 1996-ல் கல்கத்தாவில் மிகுதியாகக் காணப்பட்ட இதன் ஒரு வகை, பின்னர் பல தேசங்களுக்குப் பரவிற்று.

எனினும், நீரில் வாழும் இவ்வினக் கிருமிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. இரத்த அணுக்களைச் சிதைக்கும் நச்சுப் புரதத்தை உண்டாக்குபவையே பெரும்பாலும் நோய் விளைக்கின்றன. ஆகவே, கிருமிகளை எண்ணுவது மட்டும் போதாது. அவற்றின் புரதத்தை இனங்காண வேண்டும்.

அப்டாமர் என்பது யாது?

குறிப்பிட்டதொரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளுமாறு மடிந்து நிற்கும் சிறு டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழையே அப்டாமர் எனப்படும். இதனைத் தெரிந்தெடுக்கும் முறையை 1990-ல் அமெரிக்காவில் டூர்க், கோல்டு ஆகியோரும், எல்லிங்டன், ஷோஸ்டாக் ஆகியோரும் தனித்தனியே வெளியிட்டனர்.

குடியானவர் நல்ல கதிர்களைப் பொறுக்கி விதைத்து, மறுபோகத்திலும் அவ்வாறே பொறுக்கி, நாளடைவில் சிறந்த விதையைப் பெறுவர். இம்முறையும் அதனையொத்ததே. கோடிக்கணக்கான வெவ்வேறு இழைகளைப் புரதத்துடன் கலந்து, ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கி, ஒட்டியவற்றைப் பெருக்கி, மீண்டும் மீண்டும் சலித்தெடுப்பர். பிற பொருள்களில் ஒட்டுபவையும் இடையில் கழிக்கப்படும். இறுதியில் மிஞ்சும் இழையில் நிறமோ ஒளியோ காட்டும் பொருளை இணைத்தால், கிருமி இருப்பது புலப்படும்.

சீன தேசத்து ஜியாங்னான் பல்கலைக்கழகத்தார் 2012-ல் மேற்படி விப்ரியோ கிருமியைப் பற்றும் அப்டாமரை வெளியிட்டனர். இந்தியாவில் பரிதாபாத்திலுள்ள மத்திய ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், க்ஷயரோகக் கிருமியின் ஹெச்.எஸ்.பி.எக்ஸ். என்னும் புரதத்தைக் கண்டறியும் அப்டாமர் சோதனைகளை 2018-ல் வெளியிட்டனர்.

நன்மையும் வரம்பும்

இவ்விழைகளை உண்டாக்கப் பிராணிகள் வேண்டுவதில்லை; இரசாயன முறையில் ஒரே தரமாகச் செய்யலாம். டி.என்.ஏ. இழைகள் உஷ்ணத்தால் அவிழ்ந்தாலும் ஆறியபின் பெரும்பாலும் முன்போலவே மடியும். ஆயினும், தெளிந்த நீரில் நன்கு வேலை செய்யும் சோதனை, மீன் தசையின் கொழுப்பாலும் இதர புரதங்களாலும் பிழைபடக் கூடும். ஆதலின், உண்மையான மீன் மாதிரிகளில் பரீட்சித்த பின்னரே அதனை நம்புதல் தகும்.

செய்யத்தக்கவை

எச்சோதனையும் தூய்மைக்கு ஈடாகாது. அனுகூலமான உஷ்ணத்தில் இக்கிருமி சுமார் 10 நிமிஷங்களில் இரட்டிக்க வல்லது. 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் பெருகுவதில்லை. எனவே, பிடித்த மீனை உடனே பனிக்கட்டியில் இடுக. கழிமுக நீரால் கழுவாது, சுத்தமான நன்னீரால் கழுவுக. பச்சை மீன் வைத்த பாத்திரத்தில் சமைத்ததை வையாதீர். நன்கு வேகவைத்தே உண்க. வெந்த சூட்டில் இக்கிருமி மடியும். ஆனால், அது முன்னரே உண்டாக்கிய நச்சுப் புரதம் கொதிநீரிலும் எளிதில் அழியாதாகையால், கெட்ட மீனைச் சமைத்துச் சீராக்கிவிடலாம் என்று எண்ணுதல் தவறாகும்.